மகளுக்கு மிருதங்கமா?

"அம்மா, எனக்கு மிருதங்கம் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்!" என்று உங்கள் மகள் ஒரு நாள் கேட்டால் என்ன சொல்வீர்கள்? "வீணை கற்றுக்கொள்ளேன், கண்ணு. பெண் குழந்தைக்குக் கை காய்த்துப் போகுமே!" என்பீர்கள். பாட்டியும் ஆமாம் போடுவார்.

சற்றுப் பொறுங்கள். 1936-ல் மறைந்த புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையிடம் பயின்றவர்களில் டி. எஸ். ரங்கநாயகி அம்மாளும் ஒருவர். அந்தக் காலத்திலேயே ஒரு பெண் கற்றுத் தேர்ந்த வித்தை இது. உங்கள் மகளுக்கு மட்டும் ஏன் ஆகாது?

கை நோகுமே என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் நாதம் முரட்டு அடியில் பிறப்பதில்லை. மணிக்கட்டு தளர்வாக இருந்தால்தான் பிறக்கும். நகத்தை ஒட்ட வெட்டி, மோதிரத்தையும் வளையலையும் கழற்றி வைத்துவிட்டு உட்காரச் சொல்லுங்கள். முதுகு நிமிர்ந்திருக்கட்டும். வலி கண்டால் அன்றைக்கு அத்துடன் நிறுத்தி, மறுநாள் ஆசிரியரிடம் கையைக் காட்டுங்கள்.

ஆரம்பப் பாடமான 'த தி தொம் நம்' என்பதை முதலில் வாயால் தாளம் போட்டுச் சொல்லட்டும். வாய் தடுமாறினால் கையும் தடுமாறும். மெதுவாக வாசித்துச் சுத்தமான பிறகே வேகம். தினமும் அரை மணி போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் வாசித்துப் பயனில்லை.

வாங்குமுன் ஆசிரியரைக் கேளுங்கள். பெண் குரலுக்கேற்ற உச்ச ஸ்ருதி வாத்தியம் சுமார் 22 அங்குல நீளம். ஆண் குரலுக்கேற்றது சுமார் 24 அங்குலம். நீளம் குறைந்தது குழந்தைக்கென்று செய்ததல்ல, ஸ்ருதிதான் வேறு.

இனி வாத்தியத்துக்கு உபசாரம். இடது பக்கத்துத் தொப்பியில் ரவையைப் பிசைந்து ஒட்டுவார்கள். உங்கள் உப்புமா ரவைதான்! வாசித்து முடித்ததும் அதைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். மறந்தால் இரவில் எலிக்கும் கரப்பானுக்கும் விருந்து. வலந்தலையின் கறுப்புக் கரணையில் தண்ணீர் படக் கூடாது. மழைக்காலத்தில் தோல் தொய்யும், வெயிலில் விறைக்கும். ஆகவே உறை போட்டு, ஜன்னலுக்கும் அடுப்புக்கும் தள்ளி வையுங்கள். ஸ்ருதி சேர்க்க விளிம்புப் பின்னலில்தான் தட்டுவார்கள். மேலிருந்து தட்டினால் ஸ்ருதி ஏறும், எதிர்ப்புறமிருந்து தட்டினால் இறங்கும். ஆசிரியர் கற்றுத் தரும்வரை தம்பி குழவிக்கல்லைத் தூக்கிக்கொண்டு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்!

மிருதங்கம் பாட்டுக்குத் துணை. பாடுகிறவரைக் காது கொடுத்துக் கேட்கத் தெரியாத கை எவ்வளவு வேகமாக ஓடினாலும் வீண். ஓராண்டு கழித்து ஒரு மாலை பாட்டியைப் பாடச் சொல்லுங்கள். நடுங்கும் அந்தக் குரலை அமுக்காமல், அது தயங்கும் இடத்தில் தானும் பொறுத்து உங்கள் மகள் வாசித்துவிட்டால், கை காய்த்ததா என்று பாட்டியே கேட்கமாட்டார்!