எழுத்து, சொல், தலைப்பு: செவிவழிப் படிப்பில் விசைப்பலகையின் இடம்

கண்ணாற் படிப்பார்க்கு ஒரு பக்கம் முழுவதும் ஒரே நோக்கிற் புலனாகும். தலைப்பு எது, பாட்டு எது, உரை எது என்பதனை எழுத்தின் பருமையும் இடைவெளியும் நொடியில் உணர்த்திவிடும். பார்வையற்றோர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. அவர்கள் திரையிலுள்ள எழுத்தைப் பேச்சாக்கும் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் துணையாற் கேட்டுப் படிக்கின்றனர். சுட்டியைக் கையாளாது விசைப்பலகையாலேயே பக்கத்தினுள் இயங்குகின்றனர். 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கிய என்.வி.டி.ஏ. இவ்வகையினது, விலையின்றிக் கிடைப்பது. அதன்கண் அம்புக்குறி விசையால் எழுத்தெழுத்தாகவும், அதனொடு கண்ட்ரோல் விசையைச் சேர்த்தழுத்திச் சொற்சொல்லாகவும், ‘எச்’ விசையால் தலைப்புத் தலைப்பாகவும் செல்லலாம். இம்மூவகை இயக்கமும் தமிழ்ப் பனுவல்களில் எங்ஙனம் நிகழ்கின்றன, எங்கே இடர்ப்படுகின்றன என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

1. எழுத்து

தமிழ் மரபில் உயிர்மெய் ஓரெழுத்தே. ‘கோயில்’ என்பது மூன்றெழுத்துச் சொல். ஆயின், ஒருங்குறியில் அது ஆறு குறிகளாகப் பதிவாகிறது: ககரம், ஓகாரக்குறி, யகரம், இகரக்குறி, லகரம், புள்ளி. இவற்றை மும்மூன்றாக அன்றி இரண்டிரண்டாக இணைத்து ஓரெழுத்தாகக் கொள்ளும் நெறியை ஒருங்குறி ஆவணங்களே வகுத்துள்ளன. எனினும் எல்லா மென்பொருளும் அதனைப் பின்பற்றுவதில்லை. பின்பற்றாதவிடத்து, மூன்றுமுறை அழுத்த வேண்டிய விசையை ஆறுமுறை அழுத்த நேர்கின்றது. செய்யுளை அலகிட்டு அசை பிரிக்க முயலும் மாணவர்க்கு இஃது எத்துணை இடையூறு என்பது சொல்லாமலே விளங்கும்.

எனினும் ஒருங்குறியால் விளைந்த நன்மை பெரிது. 1999-இல் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் குறியேற்றங்களில் ‘கொ’ என்பது கண்ணுக்குத் தோன்றும் முறையே கொம்பு, ககரம், கால் எனப் பதிவாயிற்று. ஒருங்குறியிலோ மெய் முன்னும் உயிர்க்குறி பின்னும் நிற்கும், அதுவே ஒலிமுறை. 1951-இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயிலிலும் உயிர்மெய் இம்முறையே அமையும். 2010-இல் தமிழக அரசும் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது.

தட்டச்சிடுவோர் செய்யும் பிழை ஒன்றும் ஈண்டுக் கருதத்தக்கது. ‘ஔ’ என்னும் ஓரெழுத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டினால் கண் வேறுபாடு காணாது. செவியோ ஔவையின் பெயரைச் சிதைவுறக் கேட்கும். அப்பெயரைத் தேடினும் கிட்டாது.

2. சொல்

திரைவாசிப்பான் இடைவெளியைக் கொண்டே சொல்லின் எல்லையை அறியும். செய்யுளிலோ இடைவெளி சீரைக் காட்டுவதேயன்றிச் சொல்லைக் காட்டுவதன்று. வகையுளியில் ஒரு சொல் இரு சீர்களிற் பகுபடும். ‘வருகின்றான்’ என்பது ‘வருகின்’ என ஒரு சீரிலும் ‘றான்’ என மறுசீரிலும் நிற்குமாயின், சொற்சொல்லாகச் செல்வோர் கேட்பவை பொருளற்ற இரு துண்டுகளே. மொழிமுதல் வாராத றகரத்தில் ஒரு ‘சொல்’ தொடங்குவதும் காணலாம். மர்ரே எஸ். ராஜம் 1950-களில் வெளியிட்ட சந்தி பிரித்த பதிப்புகள் பொதுமக்கள் எளிதிற் படித்தற் பொருட்டு எழுந்தவை. அம்முறையே செவிவழிப் படிப்பார்க்கும் உறுதுணையாகும். ஆதலின் இணையப் பதிப்பில் சீர்வடிவமும் சொற்பிரிப்பு வடிவமும் தனித்தனித் தலைப்பின்கீழ் அமைதல் நன்று.

3. தலைப்பு

எழுத்தைப் பருமையாக்குவதனால் மட்டும் ஒரு வரி தலைப்பாகிவிடாது; பக்கத்தின் உள்ளமைப்பில் அது தலைப்பெனக் குறிக்கப்படல் வேண்டும். திருக்குறளை எடுத்துக்கொள்வோம். பால்களை முதல்நிலைத் தலைப்பாகவும் 133 அதிகாரங்களையும் இரண்டாம் நிலைத் தலைப்பாகவும் குறித்தால், ‘2’ என்னும் விசையை அழுத்தி அதிகாரம் அதிகாரமாகத் தாவலாம். குறிக்காவிடின், நூறாம் அதிகாரத்தை நாடுவோர் அதற்கு முன்னுள்ள 990 குறட்பாக்களையும் கடந்தாக வேண்டும். அன்றியும், பக்கத்தின் மொழி தமிழ் என்பதும் குறிக்கப்படல் வேண்டும்; அதனைக் கொண்டே கருவி தமிழ்க் குரலைத் தேர்கிறது. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2008-இல் வெளியிட்ட அணுகுதன்மை நெறிகளில் இது முதற்படித் தேவைகளுள் ஒன்று. நூற்பக்கங்களை வெறும் படங்களாக ஏற்றுமிடத்தோ எவ்விசையும் பயன்தராது.

4. செய்யத்தக்கன

இப்பணிக்குத் தென்சென்னை ஏற்ற களமாகும். கிண்டியை அடுத்துள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் காலவாக்கம் எஸ்.எஸ்.என். பொறியியற் கல்லூரியும் தமிழ் எழுத்தைப் பேச்சாக்கும் ஆய்வில் ஈடுபட்டுள்ளன. கோட்டூர்புரத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகமும், முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும் உள்ளன. 1937-இல் தாம்பரத்திற்குப் பெயர்ந்த கிறித்தவக் கல்லூரி முதலாகப் பல கல்லூரிகளில் தமிழ் கற்பிக்கப்படுகின்றது. குரலை ஆக்குவோர் பொறியாளர். ஆயின் எழுத்து எது, சொல் எது, இயல் எது என வரையறுத்துத் தருதல் தமிழாசிரியர் கடன். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் மின்னணு உள்ளடக்கம் அனைவர்க்கும் எட்டுதல் வேண்டும் என்கின்றது. எனவே தமிழ்த்துறைகள் ஒரு பனுவலை இணையத்தில் வெளியிடுமுன், சுட்டியை ஒதுக்கித் திரையை அணைத்து, விசைப்பலகையால் ஒருமுறை கேட்டு மெய்ப்புப் பார்த்தல் வேண்டும். கண்ணுக்குப் புலனாகாத பிழைகள் பல அவ்வழிச் செவிக்குப் புலனாகும்.