படைவீரரின் மனைவிக்கும் ஒரு பெயர் உண்டு



நம் பகுதியில் ‘சபராளி வீடு’ என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. மேலப்பாளையம், பேட்டை, ஏர்வாடி, கடையநல்லூர் என எந்த ஊரிலும் கணவர் வளைகுடாவில் இருக்க, இங்கே தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்கள் உண்டு. ஒருவருக்கு மனம் சோர்ந்தால் அதே நிலையில் உள்ள நாலு பேர் அதே தெருவில் இருப்பார்கள். ராணுவத்தில் பணிபுரிபவரின் மனைவிக்கு அந்தத் துணையும் இல்லை. மஹல்லாவில் அத்தகைய வீடுகள் ஒன்றிரண்டுதான். கணவர் இருக்கும் இடத்தைச் சில நேரம் அவரே சொல்ல முடியாது. போன் வராத நாளில் எல்லைச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்குத் தெரியாமல் சமையலறைக்குள் போய் நிற்க வேண்டும். கல்யாண வீட்டிலும் ‘மிலிட்டரிக்காரர் வீட்டுப் பொண்ணு’ என்றே அறிமுகம். அவருடைய பெயர் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

இது புதிய பிரச்சினை அன்று. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மதீனாவில் இரவு நேரம் சுற்றி வந்தபோது, போருக்குச் சென்ற கணவரை நினைத்து ஒரு பெண் புலம்புவதைக் கேட்டார்கள். அந்தப் பெண்ணைக் குறை கூறவில்லை. தம் மகளாரான அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம், கணவரைப் பிரிந்து ஒரு பெண் எவ்வளவு காலம் பொறுத்திருப்பாள் என்று கேட்டார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகளில் வருகிறது. அதன்படி வீரர்களை அதற்கு மேல் வெளியே வைத்திருக்கக் கூடாது என்று ஆணையிட்டார்கள். பிரிவின் துயரம் ஈமானின் குறைவு அல்ல, ஆட்சியாளரே கணக்கில் எடுக்க வேண்டிய விஷயம் என்பதற்கு இது சான்று.

இன்றைய ராணுவத்தில் ஜவான் ஒருவருக்கு ஆண்டுக்கு 60 நாள் வருடாந்திர விடுப்பும் 30 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு. பீஸ் போஸ்டிங்கில் குவார்ட்டர்ஸ் கிடைத்தால் குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ளலாம். ஃபீல்டு போஸ்டிங்கில் அது முடியாது. அப்போது சில நிலையங்களில் பிரிந்திருக்கும் குடும்பங்களுக்கென்றே தனிக் குடியிருப்பு தருகிறார்கள். ஊரில் இருப்பதா, அங்கே போவதா என்பதைக் கணவனும் மனைவியும் பேசி முடிவு செய்யட்டும். பெரியவர்கள் ஆலோசனை சொல்லலாம், தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

இனி, கையில் இருக்க வேண்டிய காகிதங்களைப் பார்ப்போம். நிக்காஹ் தஃப்தரில் எழுதிவிட்டோம் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்தவரும் திருமணத்தை அரசுப் பதிவேட்டில் பதிவு செய்வது கட்டாயம். அதோடு, கணவர் தம் யூனிட்டில் தெரிவித்து, ‘பார்ட் டூ ஆர்டர்’ மூலம் மனைவியின் பெயரைப் பணிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். குழந்தை பிறந்தாலும் அப்படியே. அடையாள அட்டை, கேன்டீன், மருத்துவம், பின்னால் குடும்ப ஓய்வூதியம் எல்லாம் அந்தப் பதிவை வைத்தே கிடைக்கும்.

நம் பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. பாத்திமா, ஆயிஷா என்ற பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். ஆதாரில் ‘பீவி’ இருக்கும், பள்ளிச் சான்றிதழில் இருக்காது. இனிஷியல் ஒன்றில் வாப்பாவுடையது, மற்றொன்றில் கணவருடையது. அவர் நலமாகப் பணியில் இருக்கும்போதே ஆதார், பான், வங்கிப் புத்தகம், பணிப் பதிவேடு நான்கிலும் ஒரே எழுத்து இருக்கும்படி திருத்திக்கொள்ளுங்கள். ஆள் இல்லாத காலத்தில் ஓர் எழுத்துக்காக அலைவது பெரும் வேதனை. இன்னொன்று, வேலைக்குச் சேரும்போது காப்பீட்டுக்குப் பெற்றோரை நாமினியாக எழுதியிருப்பார்கள். திருமணத்துக்குப் பின் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நாமினி வேறு, மார்க்கப்படியான வாரிசுப் பங்கு வேறு என்பதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

பெண்ணுக்குச் சொந்தப் பெயரில் சம்பாத்தியம் இருப்பது நமக்குப் புதிதல்ல. மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் பெண்கள் பலருக்குச் சொந்தப் பெயரில் பி.எஃப். இருக்கிறது. பத்தமடையின் கோரைப் பாய் உலகம் அறிந்த பெயர் பெற்றது நம் பெண்களின் விரலால்தான். மஹர் மனைவியின் சொத்து. நிக்காஹ் ஆனபின்னும் ஆயிஷா (ரலி) அவர்கள் அபூபக்ரின் மகள் ஆயிஷா என்றே அழைக்கப்பட்டார்கள். ஆகவே படித்த படிப்பைப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தொலைநிலைப் படிப்பு இருக்கிறது. தையலோ, டியூஷனோ, மக்தபில் ஓதிக்கொடுப்பதோ, போஸ்டிங் மாறினாலும் கூடவே எடுத்துச் செல்லக்கூடிய ஒன்று கையில் இருக்கட்டும்.

தூக்கம் கெட்டு, பசி குறைந்து, பிள்ளைகள் மேல் காரணமின்றி எரிச்சல் வந்து, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதை ‘கண்ணேறு’ என்று விட்டுவிடாதீர்கள். துஆவும் செய்யுங்கள், மருத்துவரையும் பாருங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் ‘டெலி மானஸ்’ சேவை இரவு பகலாக இலவசமாக இயங்குகிறது. தமிழிலேயே பேசலாம். ராணுவக் குடும்பப் பெண்களுக்கென 1966 முதல் ‘ஆவா’ என்னும் நலச் சங்கமும் இருக்கிறது. ஊரில் இருந்தபடி விவரம் கேட்க மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம்.

1965 போரில் உயிர்நீத்துப் பரம்வீர் சக்கரம் பெற்ற அப்துல் ஹமீதை நாம் அறிவோம். அவர் மனைவி ரசூலன் பீவியை எத்தனை பேர் அறிவோம்? 1966 குடியரசு தினத்தன்று அந்த விருதைப் பெற்றுக்கொண்டவர் அவர். 2019இல் மறையும் வரை 54 ஆண்டுகள் அவர் இல்லாமல் வாழ்ந்தார். கணவரின் நினைவு நாளுக்கு ராணுவத் தளபதியையே அழைத்தார். 2017 செப்டம்பர் 10 அன்று ஜெனரல் பிபின் ராவத் அந்த உத்தரப்பிரதேசக் கிராமத்துக்கே வந்தார். கணவரின் பெயரைக் காத்தவருக்குத் தன் பெயரில் எழுந்து நின்று பேசத் தெரிந்திருந்தது.

மாமனார், மாமியார், மஹல்லா நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பெண் வங்கிக்கும் அலுவலகத்துக்கும் தனியே போய் வந்தால் பேச்சு கிளப்பாதீர்கள், தேவைப்பட்டால் துணைக்குப் போங்கள். பெயர்த் திருத்தத்துக்கோ விண்ணப்பத்துக்கோ உதவி வேண்டுவோர், கையில் உள்ள காகிதங்களுடன் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரலாம். வீரர் அடுத்த விடுப்பு முடிந்து திரும்புமுன் இந்த வேலைகளை முடித்துவிடுவது நல்லது.

வஸ்ஸலாம்.

செயலாளர்