திருப்பதியில் கணக்கு, சித்தூரில் காப்பு

2021ஆம் ஆண்டு நவம்பரில் பெய்த பெருமழையில் திருப்பதி நகரின் தெருக்களில் வெள்ளம் பெருக்கெடுத்தது. திருமலைக்குச் செல்லும் மலைப்பாதையும் மூடப்பட்டது. வெள்ளம் வடிந்தபின் கடையைச் சீர்செய்யலாம்; சரக்கை மீண்டும் வாங்கலாம். ஆனால், கணக்குகள் அனைத்தும் தரைத்தளத்தில் இருக்கும் ஒரே கணினியில் அடங்கியிருந்து, அக்கணினி நீரில் மூழ்கினால், யார் நமக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதே தெரியாமற் போய்விடும். ஆகவே, சர்வரில் உள்ள கணக்குகளைத் தொலைவில் உள்ள மற்றொரு கணினியில் நாள்தோறும் தானாகவே நகலெடுத்து வைக்கும் முறையை வணிகர்கள் அறிந்திருத்தல் நன்று.

இது சட்டம் சார்ந்த கடமையும் ஆகும். ஜிஎஸ்டி கணக்குகளை, ஆண்டறிக்கை தாக்கல் செய்வதற்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வரை பாதுகாக்க வேண்டும். கம்பெனியாகப் பதிவு பெற்ற நிறுவனங்கள் 8 நிதியாண்டுகளின் கணக்கேடுகளை வைத்திருக்க வேண்டும். மின்னணு முறையில் வைக்கப்படும் கணக்கேடுகளின் காப்புநகலை இந்தியாவில் அமைந்த சர்வரில் நாள்தோறும் சேமிக்க வேண்டும் என்று, 2022 ஆகஸ்டில் திருத்தப்பட்ட விதி கூறுகிறது.

மாற்றம் மட்டும் பயணிக்கும் முறை

திருப்பதியில் அலுவலகமும், சித்தூரில் மாங்கூழ் ஆலையும் உடைய ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அலுவலகச் சர்வரில் 200 ஜிபி தரவு உள்ளது. விநாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் அதனை முழுமையாக அனுப்புவதற்கு ஏறத்தாழ 44 மணி நேரம் ஆகும். நாள்தோறும் இது இயலாது. ஆனால் ஒரு நாளில் புதிதாகச் சேர்வதும் மாறுவதும் 1 ஜிபி அளவே எனில், அதனை அனுப்பக் கால் மணி நேரம் போதும். மாறியவற்றை மட்டும் நகலெடுக்கும் இம்முறையே இன்கிரிமென்டல் பேக்கப் எனப்படுகிறது. முதல் முழுநகலை வெளிப்புற ஹார்டு டிஸ்கில் பதிந்து, சித்தூருக்கு நேரில் கொண்டுசென்று ஏற்றிவிடலாம்.

இப்பணிக்குப் பெரிதும் பயன்படும் இலவச மென்பொருள் ஆர்சிங்க். ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மக்கெராஸ் ஆகிய இருவர் உருவாக்கி 1996இல் வெளியிட்டது இது. இருபுறமும் உள்ள கோப்புகளை ஒப்பிட்டு, பெரிய கோப்பு ஒன்றில் சில பகுதிகளே மாறியிருப்பின் அப்பகுதிகளை மட்டும் அனுப்பும் திறன் இதற்கு உண்டு.

அமைக்கும் ஒழுங்கு

முதலாவதாக, இயங்கிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை நேரடியாக நகலெடுத்தல் கூடாது. பாதி எழுதப்பட்ட நிலையில் அவை நகலாகிவிடக்கூடும். தரவுத்தளத்திற்கென உள்ள ஏற்றுமதிக் கட்டளையால் முதலில் தனிக் கோப்பு ஒன்றை உருவாக்கி, அதனையே நகலெடுக்க வேண்டும்.

இரண்டாவதாக, திருப்பதி சர்வர் நகலை அனுப்புவதைவிட, சித்தூர்க் கணினி வந்து எடுத்துச்செல்வதே சிறந்தது. எஸ்எஸ்எச் சாவி கொண்டு, படிக்கும் உரிமை மட்டும் உடைய பயனராக அது திருப்பதிக்குள் நுழையட்டும். சித்தூருக்குள் நுழையும் சாவி எதுவும் திருப்பதி சர்வரில் இருத்தல் கூடாது. அப்போதுதான் திருப்பதி சர்வரைக் கைப்பற்றும் இணையத் திருடனால் காப்புநகலை அழிக்க இயலாது. இந்த இணைப்புக்கு நிலையான இணைய முகவரியோ விபிஎன் இணைப்போ தேவைப்படும்.

மூன்றாவதாக, நேற்றைய நகலின்மேல் இன்றைய நகலை எழுதிவிடக் கூடாது. தவறுதலாக அழித்த பேரேடும், ரான்சம்வேர் பூட்டிய கோப்பும் அன்றிரவே அப்படியே நகலாகும். நல்ல நகல் மறைந்துவிடும். ஒவ்வொரு நாளுக்கும் தனிக் கோப்புறை அமையுங்கள். மாறாத கோப்புகளுக்குப் பழைய நகலையே சுட்டும் வசதி ஆர்சிங்கில் இருப்பதால், அவை மீண்டும் இடம் பிடிப்பதில்லை. 7 நாள் நகல்கள், 4 வார நகல்கள், 12 மாத நகல்கள், ஆண்டிறுதி நகல் ஒவ்வொன்றும் என வைத்துக்கொள்ளலாம்.

நான்காவதாக, கிரான் என்னும் நேர அட்டவணை நிரல் இரவு 2 மணிக்கு இப்பணியைத் தொடங்கட்டும். அந்நேரத்தில் கணினி நின்றிருந்தால் விடுபட்ட பணியைப் பின்னர் நிறைவேற்ற அனாக்ரான் உதவும். சித்தூர் வட்டினை மறைகுறியாக்கம் செய்து, திறவுச்சொல்லைத் தாளில் எழுதி வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள்.

மீட்டுப் பார்த்தாலே காப்பு

2017 ஜனவரி 31 அன்று, கிட்லேப் என்னும் மென்பொருள் நிறுவனத்தில் பணியாளர் ஒருவர் முதன்மைத் தரவுத்தளத்தைத் தவறுதலாக அழித்துவிட்டார். பலவகைக் காப்பு ஏற்பாடுகள் அங்கு இருந்தன. தேவைப்பட்டபோது அவை கைகொடுக்கவில்லை. நாள்தோறும் எடுக்கப்பட வேண்டிய நகல், மென்பொருள் பதிப்புப் பொருத்தமின்மையால் எடுக்கப்படாமலே இருந்தது. அதைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களும் உரியவர்களைச் சென்றடையவில்லை. வேறொரு தேவைக்காகச் சுமார் 6 மணி நேரம் முன்பு எடுத்திருந்த நகலே அவர்களைக் காப்பாற்றியது. இடைப்பட்ட நேரத்துப் பதிவுகள் மீளவில்லை.

ஆதலால், பிழைச்செய்தி வரவில்லை என்று அமைதி கொள்ளாதீர்கள். காலையில் வெற்றிச்செய்தி வந்ததா என்று பாருங்கள். மாதம் ஒருமுறை, சித்தூர் நகலை வேறொரு கணினியில் மீட்டு, சென்ற மாத இருப்புநிலை வங்கிக் கணக்கு அறிக்கையுடன் பொருந்துகிறதா என ஒப்பிடுங்கள்.

திருப்பதி சுவர்ணமுகிப் படுகையில் உள்ளது; சித்தூரின் நீவா நதியோ பொன்னையாறு வழியே பாலாற்றைச் சேர்கிறது. இரு நகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 70 கிலோமீட்டர். ஓரிடத்துத் தீயும் திருட்டும் மற்றோரிடத்தைத் தொடா. ஆயினும் ஒரே புயல்மழை இரண்டையும் தாக்கக்கூடும். எனவே மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்றேனும் வெளியூரில் என்ற வழக்கமான விதியைப் பின்பற்றி, மூன்றாம் பிரதியை நாட்டின் வேறொரு பகுதியில் உள்ள கிளவுட் சேமிப்பில் வைப்பது நலம். இதற்காகும் செலவைக் காப்பீட்டுப் பிரீமியத்தோடு சேர்த்து எண்ணுங்கள். அடுத்த மழைக்காலத்திற்கு முன்பே ஒருமுறை மீட்டும் பாருங்கள்.