ஆறு மணி நேரச் சிங்கப்பூர்

விமானம் மாறுதற்பொருட்டுச் சிங்கப்பூரில் ஆறேழு மணி நேரம் தங்க நேர்ந்தால், நகர் முழுவதையும் கண்டுவிட முனைதல் வேண்டா. இரண்டு வீதிகளே போதும். வருகைப் படிவத்தை இணையத்தில் முன்னரே நிரப்பாதார் குடிவரவு வாயிலிலேயே காலத்தை இழப்பர். சாங்கியிலிருந்து ரயிலிற் செல்ல ஒரு மணி நேரம் ஒதுக்குக.

சவுத் பிரிட்ஜ் வீதியில் 1827இல் எழுந்த மாரியம்மன் கோயிலும், தமிழ் முஸ்லிம்களின் சூலியாப் பள்ளிவாசலும் அருகருகே உள்ளன. நண்பகலிற் கோயில் நடை சாத்தியிருக்கும்; காலையோ மாலையோ செல்வதே நன்று. அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் தெலோக் ஆயர் வீதி. அதுவே முற்காலக் கடற்கரை! கடல் தப்பிக் கரையேறிய சீனர், கடல் தெய்வமாகிய மாசுவுக்கு அங்கே நன்றி செலுத்தினர்; 1842இல் தியான் ஹொக் கெங் கோயிலைக் கட்டி முடித்தனர். அவ்வீதியிலேயே நாகூர் தர்காவும் உண்டு. பின்னர் கடலைத் தூர்த்தமையால் அலை இன்று கண்ணுக்கெட்டாது.

கடைகளுள் நுழையற்க, அவை விமான நிலையத்திலும் உள. புறப்பாட்டிற்கு இரண்டரை மணி நேரம் முன்னதாகவே திரும்பும் ரயிலில் ஏறிவிடுக.