வாழைப்பழத் தோலிலிருந்து கங்கோங் வரை

நேற்றிரவு நீங்கள் சாப்பிட்ட வாழைப்பழத்தின் தோல் இப்போது எங்கே இருக்கிறது? நீங்கள் வீவக அடுக்குமாடி வீட்டில் வசிப்பவர் என்றால், அது குப்பைக் குழாய் வழியே கீழே இறங்கி, லாரி ஏறி, எரியுலைக்குப் போயிருக்கும். எரிந்தபின் மிஞ்சும் சாம்பல் துவாஸிலிருந்து கடல்வழியாகச் செமாக்காவ் தீவுக்குப் போகும். 1999இல் செயல்படத் தொடங்கிய அந்த இடம்தான் சிங்கப்பூரில் எஞ்சியிருக்கும் ஒரே குப்பை நிரப்பு நிலம். இப்போதைய வேகத்தில் போனால் 2035 வாக்கில் அது நிரம்பிவிடும் என்று கணிக்கப்பட்டுள்ளது.

அதே தோலுக்கு இன்னொரு வழியும் உண்டு: வீட்டு மூலையில் மூடி போட்ட ஒரு வாளி. பாடநூலில் நீங்கள் படிக்கும் சுவாசம், கார்பன் சுழற்சி, பரப்பளவுக்கும் கன அளவுக்கும் உள்ள விகிதம் எல்லாம் அந்த வாளிக்குள் ஒன்றாக நடக்கின்றன. பரிசோதனை முடியும்போது தட்டில் கீரையும் இருக்கும்.

எரித்தால் என்ன இழக்கிறோம்?

காய்கறித் தோல்களின் எடையில் பெரும்பகுதி தண்ணீர். ஒரு கிலோ தோலில் 800 கிராம் தண்ணீர் இருப்பதாக வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். அந்தத் தண்ணீரை 30 டிகிரி செல்சியஸிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ 235 கிலோஜூல் வேண்டும். அதை முழுவதும் ஆவியாக்க இன்னும் சுமார் 1,800 கிலோஜூல் வேண்டும். ஆக, 2,000 கிலோஜூலுக்கும் மேல். 50 வாட் மின்விசிறி ஒன்று 11 மணி நேரம் சுழல எடுத்துக்கொள்ளும் ஆற்றலும் இதே அளவுதான். நம் எரியுலைகள் குப்பையை எரித்து மின்சாரமும் தயாரிக்கின்றன. வெப்பம் முழுவதும் மின்சாரமாக மாறிவிடாது என்றாலும், ஈரமான குப்பை அந்த வெப்பத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. தோலில் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் மூன்றும் இருக்கின்றன. எரித்தால் நைட்ரஜன் வாயுவாகிக் காற்றில் கலந்துவிடும். பாஸ்பரஸும் பொட்டாசியமும் பெரும்பாலும் சாம்பலோடு போய்விடும். பிறகு செடிக்கு உரம் வேண்டும் என்று கடையில் வாங்கும் பொட்டலத்திலும் இதே மூன்றுதான் இருக்கும். அதிலுள்ள நைட்ரஜனைக் காற்றிலிருந்து பிடிக்க ஹேபர் முறை தேவை. சுமார் 450 டிகிரி செல்சியஸ் வெப்பம், காற்றழுத்தத்தைப் போல் 200 மடங்கு அழுத்தம்! பாஸ்பரஸைப் பாறையிலிருந்து தோண்டி எடுக்க வேண்டும். கையில் இருந்ததை எரித்துவிட்டு, அதையே தொலைவிலிருந்து விலை கொடுத்து வாங்குகிறோம்.

வாளிக்குள் வேலை செய்வது யார்?

பாக்டீரியாக்கள், பூஞ்சைகள், ஆக்டினோமைசீட்கள். கண்ணுக்குத் தெரியாத இந்தக் கூட்டம் தோலில் உள்ள சர்க்கரையையும் மாவுப்பொருளையும் முதலில் தின்னும். பிறகு மெல்ல நார்ப்பொருளுக்கு வரும். அவை சுவாசிக்கும்போது ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவையும் நீரையும் வெப்பத்தையும் வெளிவிடுகின்றன. வாளி நிறையப் போட்டது சில வாரங்களில் பாதியாகக் குறைவது இதனால்தான்.

இவற்றுக்குத் தேவையானவை நான்கு: கார்பன், நைட்ரஜன், ஈரம், காற்று. கார்பன் ஆற்றலுக்கு, நைட்ரஜன் புரதம் உண்டாக்க. 30 பங்கு கார்பனுக்கு 1 பங்கு நைட்ரஜன் என்பது இவற்றுக்கு ஏற்ற விகிதம். காய்கறித் தோல், பழத்தோல், தேயிலைச் சக்கை ஆகியவற்றில் நைட்ரஜன் அதிகம். இவற்றைப் ‘பச்சை’ என்பார்கள். காய்ந்த இலை, முட்டை அட்டை, செய்தித்தாள் ஆகியவற்றில் கார்பன் அதிகம்; இவை ‘பழுப்பு’. காப்பிச் சக்கை நிறத்தால் பழுப்பு, குணத்தால் பச்சை! நிறத்தை வைத்து முடிவு செய்துவிடாதீர்கள்.

காற்று இல்லாமல் போனால் கதையே மாறும். ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் வேலையை எடுத்துக்கொள்ளும். அவை மீத்தேனையும், அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடையும் வெளியிடும். வாளி நாறுகிறது என்றால் உரம் நாறுவதாகப் பொருளில்லை. உள்ளே மூச்சு முட்டுகிறது என்று பொருள். கிளறிவிட்டு, கிழித்த அட்டை கொஞ்சம் சேர்த்தால் ஓரிரு நாளில் நாற்றம் அடங்கும்.

இந்த முறைக்கு நம் ஆசியாவில் நீண்ட வரலாறு உண்டு. இங்கிலாந்தைச் சேர்ந்த தாவரவியலாளர் ஆல்பர்ட் ஹோவர்ட் 1924 முதல் 1931 வரை இந்தியாவின் இந்தூரில் பணியாற்றினார். இந்திய, சீன உழவர்களின் வழக்கங்களை உற்றுப் பார்த்து, அளந்து, ஒழுங்குபடுத்தி அவர் வகுத்ததுதான் உலகெங்கும் பரவிய ‘இந்தூர் முறை’.

சிறிய வாளி ஏன் சூடாவதில்லை?

தோட்டங்களில் குவிக்கும் பெரிய உரக் குவியல் 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும். அந்தச் சூட்டில் களைவிதைகளும் பல நோய்க்கிருமிகளும் அழிந்துவிடும். உங்கள் வாளியில் கைவைத்துப் பார்த்தால் லேசான வெதுவெதுப்பு இருந்தாலே அதிகம். ஏன்?

பக்கத்துக்கு 1 மீட்டர் உள்ள கனசதுரக் குவியலை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பளவு 6 சதுர மீட்டர், கன அளவு 1 கன மீட்டர், விகிதம் 6. பக்கத்துக்கு 0.3 மீட்டர் உள்ள பெட்டிக்குப் பரப்பளவு 0.54 சதுர மீட்டர், கன அளவு 0.027 கன மீட்டர், விகிதம் 20. வெப்பம் உண்டாவது உள்ளே முழுவதும்; வெளியேறுவது மேற்பரப்பு வழியே. சிறிய பெட்டியில் உண்டாகும் வெப்பம் நிற்காமல் போய்விடுகிறது. சிறிய கோப்பையில் ஊற்றிய தேநீர் சீக்கிரம் ஆறுவதும் இதே காரணத்தால்தான்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள். ஒன்று, வீட்டு வாளிக்குப் பொறுமை வேண்டும். நம் தட்பவெப்பத்தில் இரண்டு மூன்று மாதமாகும். இரண்டு, கிருமிகளைக் கொல்லும் சூடு அங்கே இல்லை. ஆகவே இறைச்சி, மீன், பால், குழம்புச் சோறு, பூனை நாய்க் கழிவு எதுவும் உள்ளே போகக் கூடாது.

தொடங்கும் முறை

20 லிட்டர் அளவுள்ள மூடி போட்ட வாளி போதும். பக்கங்களிலும் அடியிலும் சிறு துளைகள் போட்டு, உள்பக்கம் மெல்லிய வலை ஒட்டுங்கள், ஈ நுழையாது. அடியில் ஒரு தட்டு வையுங்கள்.

• முதலில் கிழித்த அட்டை ஒரு கைப்பிடி உயரத்துக்குப் போடுங்கள். மேலே ஒரு பிடி தோட்டமண் தூவினால் நுண்ணுயிர்கள் வந்து சேரும்.

• பச்சை ஒரு பங்கு போட்டால் பழுப்பு இரண்டு பங்கு போடுங்கள். தோல்களைச் சிறிதாக நறுக்கினால் நுண்ணுயிர்கள் தின்ன அதிகப் பரப்பு கிடைக்கும்.

• எப்போதும் பழுப்பே மேலே இருக்கட்டும். பழ ஈக்கள் வராமல் தடுக்க இதைவிட எளிய வழி இல்லை.

• வாரத்துக்கு இருமுறை கிளறுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி மட்டும் கசிய வேண்டும். ஒழுகினால் அட்டை சேருங்கள். உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள்.

• அடித்தட்டில் தேங்கும் நீரை நாள்தோறும் கொட்டுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக ஒரு வாரமே போதும். செடித்தொட்டித் தட்டுக்கும் இதே விதிதான்.

தடித்த சாம்பல்நிறப் புழுக்கள் தென்பட்டால் அலற வேண்டாம். பெரும்பாலும் அவை கறுப்புச் சிப்பாய் ஈயின் புழுக்கள். அந்த ஈ கடிக்காது. அதன் புழு கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும்.

போட்டது எது என்று அடையாளம் தெரியாமல் கருமையாக உதிர்ந்து, மழை பெய்த மண்ணைப் போல மணத்தால் உரம் தயார். அந்த மணத்துக்குப் பெயர் ஜியோஸ்மின். ஆக்டினோமைசீட்கள் உண்டாக்கும் அந்தச் சேர்மத்தை மிக மிகச் சிறிய அளவிலும் நம் மூக்கு கண்டுபிடித்துவிடும்.

வெயில் எந்தப் பக்கம்?

கீரைக்கு நாளொன்றுக்கு நான்கு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். மிளகாய்க்கும் வெண்டைக்கும் ஆறு மணி நேரம். அடுக்குமாடி வீட்டில் இது எங்கே கிடைக்கும் என்பதைப் புவியியல் சொல்லும்.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்குச் சற்றே வடக்கில், 1.3 பாகையில் இருக்கிறது. மார்ச் பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே. நண்பகல் என்பது நம் கடிகாரத்தில் ஏறத்தாழ பிற்பகல் 1 மணி. வடக்குப் பார்த்த நடைவழிக்கு ஜூனில் வெயில் வரும், டிசம்பரில் வராது. தெற்குப் பார்த்ததற்கு நேர்மாறு. கிழக்கோ மேற்கோ பார்த்த வீடாக இருந்தால் ஆண்டு முழுவதும் அரைநாள் வெயில் உறுதி. திறன்பேசியில் திசைகாட்டியைத் திறந்து உங்கள் வீடு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று முதலில் பாருங்கள்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது அக்கம்பக்கத்தாரையும் நினைத்துக்கொள்ளுங்கள். தீ விபத்து நேர்ந்தால் வெளியேறுவதற்காகப் பொது நடைவழியில் 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும். தடுப்புச் சுவரின் மேல் தொட்டி வைக்கவே கூடாது. இடமே இல்லாதவர்கள் பேட்டையில் உள்ள சமூகத் தோட்டத்தை நாடலாம். தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் இன்று 2,000க்கும் மேற்பட்ட தோட்டங்கள் இருக்கின்றன.

முதல் பயிராகக் கங்கோங் நல்லது. சந்தையில் வாங்கிய கட்டின் தடித்த தண்டுகளைத் தண்ணீரில் நிறுத்தினால் சில நாளில் வேர் விடும். நட்ட மூன்று நான்கு வாரத்தில் பறிக்கலாம். அடிக்கட்டையை விட்டு வெட்டினால் மறுபடியும் துளிர்க்கும். அடுத்துத் தண்டுக்கீரை, பிறகு வெண்டை, மிளகாய். கறிவேப்பிலை மெல்லத்தான் வளரும். ஆனால் ஒருமுறை பிடித்துவிட்டால் அம்மா கடையில் கறிவேப்பிலை கேட்க வேண்டியிருக்காது.

செய்து பாருங்கள்

உரம் முதிர்ந்துவிட்டதா என்று எப்படி அறிவது? சமையலறையில் இருக்கும் பச்சைப்பயறு சொல்லும். ஒரே அளவுள்ள இரண்டு கிண்ணங்களை எடுங்கள். ஒன்றில் சாதாரணத் தொட்டிமண், மற்றதில் உங்கள் உரமும் மண்ணும் சரிபாதி. ஒவ்வொன்றிலும் 10 பயறு ஊன்றி, ஒரே இடத்தில் வைத்து, ஒரே அளவு தண்ணீர் விடுங்கள். ஐந்து நாள் கழித்து முளைத்தவற்றை எண்ணி, உயரத்தையும் அளந்து எழுதுங்கள். உரக் கிண்ணத்தில் முளைப்பு குறைந்தால் அது இன்னும் முதிரவில்லை. முதிராத உரத்தில் நுண்ணுயிர்கள் மண்ணின் நைட்ரஜனுக்குச் செடியோடு போட்டி போடும். அதிலுள்ள அமிலங்களும் வேரைத் தாக்கும். மேலும் மூன்று வாரம் விட்டுவிட்டு மறுபடி சோதியுங்கள்.

முதிர்ந்த உரத்தையும் தனியாகப் பயன்படுத்த வேண்டாம். நான்கு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு உரம் போதும். உரத்தில் உப்புகள் அதிகம். மிகுந்தால் சவ்வூடு பரவல் காரணமாக வேருக்குத் தண்ணீர் கிடைப்பது குறையும்.

ஒரு வாளியால் செமாக்காவ் நிரம்புவது நின்றுவிடாது. உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்யும் நாட்டுக்கு ஒரு தொட்டிக் கங்கோங் ஈடாகவும் ஆகாது. ஆனால் நீங்கள் பறிக்கும் அந்தக் கங்கோங் இலையின் நைட்ரஜன் அணுக்களில் சில, மூன்று மாதத்துக்கு முன் உங்கள் வீட்டு வாழைப்பழத் தோலில் இருந்தவை. அடுத்த வாரம் அறிவியல் ஆசிரியர் நைட்ரஜன் சுழற்சியைக் கரும்பலகையில் வரையும்போது, அந்த அம்புக்குறிகளில் ஒன்றை உங்கள் கையாலேயே நகர்த்தியிருப்பீர்கள். இன்றிரவு தோலைக் குழாயில் போடுமுன் வீட்டில் பழைய வாளி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள்.