உபுண்டு என்னும் பெயரும் நம்மவர் நகைப்பும்

விலையின்றிக் கிடைக்கும் உபுண்டு இயங்குதளத்தைக் கணினியில் நிறுவலாமே என நாம் எடுத்துரைத்தால், ரொறன்ரோவில் நம்மவர் சிலர் அப்பெயரைக் கேட்டே நகைக்கின்றனர். தென்னாபிரிக்கரான மார்க் ஷட்டில்வேர்த் 2004 இல் தொடக்கிய அதற்குச் சூட்டிய சொல், சூலு, கோசா மொழிகளில் மனிதநேயத்தைக் குறிப்பது.

அதன் அடித்தளமான லினக்ஸின் கதை இன்னும் சுவையானது. பின்லாந்து மாணவர் லினஸ் ரோவால்ட்ஸ் 1991 இல் அதற்கு எண்ணியிருந்த பெயர் 'பிறீக்ஸ்'. விசித்திரப் பிறவி என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லின் சாயல் கொண்டது. பிறர் பெறும் வண்ணம் அதனை வழங்கியில் இட்ட ஆரி லெம்கே அப்பெயரை விரும்பாது 'லினக்ஸ்' என்று பதிந்துவிட்டார். பழைய பெயரோடு வந்திருப்பின் எந்த வங்கி அதனைத் தீண்டியிருக்கும்?

நகைப்போருக்கு ஒன்று சொல்வோம். இந்நகரில் நடத்தப்பெற்று 2011 இல் வெளியான பிலிப் ஒறியோபுலசின் ஆய்வில், தகைமை ஒன்றாயிருந்தும், இந்திய, சீனப் பெயர்களைவிட ஆங்கிலப் பெயர் தாங்கிய வேலை விண்ணப்பங்களுக்கே கூடுதல் அழைப்புகள் கிடைத்தன.