பூனை ஓயாமல் நக்கிக்கொள்கிறதா? காரணத்தைத் தேடுங்கள்!

வயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் முடி கொட்டித் தோல் தெரிகிறது. நீங்கள் காய் நறுக்கும்போதும் நக்கிக்கொண்டிருக்கிறது. மத்தியானம் எல்லாரும் கண்ணயரும்போதும் நக்கிக்கொண்டிருக்கிறது. ராத்திரி விளக்கை அணைத்த பிறகும் கட்டிலுக்கு அடியிலிருந்து சளக் சளக்கென்று அதே சத்தம்!

வீட்டுக்கு வருகிறவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். "பூனைன்னா நக்கத்தானே செய்யும், விடுங்க" என்பார் ஒருவர். "சொறி பிடிச்சிருக்கு, வேப்பெண்ணெயைத் தடவி விடுங்க" என்பார் இன்னொருவர். "கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு இது எதுக்கு? சாக்குல கட்டி மார்க்கெட் பக்கம் விட்டுட்டு வந்துடுங்க" என்று மூன்றாமவர் தீர்ப்பே சொல்லிவிடுவார்.

மூன்றுமே சரியில்லை. வீட்டில் வளர்ந்த பூனைக்கு மார்க்கெட்டில் பிழைக்கத் தெரியாது. நாய்களுக்கோ வண்டிச் சக்கரத்துக்கோ இரையாகிவிடும். முடி கொட்டுகிற அளவுக்கு நக்குகிற பூனை, ஏதோ ஒரு உபாதையைத்தான் நமக்குக் காட்டுகிறது. உடம்பில் அரிப்போ வலியோ இருக்கலாம். மனசில் பயமோ கலக்கமோ இருக்கலாம். அதைக் கண்டுபிடித்துவிட்டால் பெரும்பாலும் சரிப்படுத்திவிடலாம்.

எது இயல்பு, எது அளவுக்கு மீறியது?

நக்கிக்கொள்வது பூனையின் பிறவிக் குணம். விழித்திருக்கும் நேரத்தில் பாதியைக்கூட இதிலேயே கழிக்கும் பூனைகள் உண்டு. அதன் நாக்கைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும். பின்பக்கமாக வளைந்த சின்னச் சின்ன முட்கள் அவை. அவற்றின் நுனி கரண்டி போலக் குழிந்திருக்கிறது என்றும், எச்சிலை முடியின் அடிவரை கொண்டுசேர்க்க அது உதவுகிறது என்றும் 2018-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். சீப்பு, சோப்பு, தண்ணீர் மூன்றும் அந்த ஒரு நாக்கிலேயே! அழுக்கும் உதிர்ந்த முடியும் போகும். வெயில் காலத்தில் எச்சில் காய்ந்து உடம்பும் குளிரும்.

இன்னொரு உபயோகமும் உண்டு. அலமாரியிலிருந்து தாவும்போது தவறி விழுந்த பூனையைக் கவனியுங்கள். எழுந்த உடனே ஒன்றுமே நடக்காதது போல நக்க ஆரம்பிக்கும். படபடப்பைத் தணித்துக்கொள்ள அதற்குத் தெரிந்த வழி அது. பரீட்சைக்குப் போகும் பிள்ளை நகத்தைக் கடிப்பதில்லையா, அதைப் போல. படபடப்பு தினசரி ஆகிவிட்டால் நக்குவதும் நிற்காது.

முடி மெலிந்து திட்டுத் திட்டாகத் தோல் தெரிந்தாலும், தடவிப் பார்த்தால் வெட்டிய தாடி போலக் குத்தினாலும், சாப்பாட்டையும் விளையாட்டையும் பாதியில் விட்டுவிட்டு நக்கினாலும், அடிக்கடி முடி உருண்டையை வாந்தி எடுத்தாலும் கவனிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். சில பூனைகள் ஆள் இருக்கும்போது நக்காது. "நான் பார்த்ததே இல்லையே, முடி தானாகக் கொட்டுது" என்று நினைப்போம். முடியின் நுனி முறிந்திருந்தால் அது நாக்கு செய்த வேலைதான்.

முதலில் உடம்பு, அப்புறம் மனசு

"புது வீட்டுக்கு வந்ததிலிருந்து ஏக்கம், அதான் நக்குது" என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் 2006-ல் ஓர் ஆய்வு வெளியானது. மனக்கலக்கத்தால்தான் முடி இழந்திருக்கும் என்று கருதப்பட்ட 21 பூனைகளை முழுமையாகச் சோதித்தார்கள். 16 பூனைகளுக்கு உடம்பில்தான் கோளாறு! மூன்றுக்கு உடம்பு, மனசு இரண்டிலும். மனக்கலக்கம் மட்டுமே காரணமாக இருந்தவை இரண்டே இரண்டு. ஆகவே முதல் வேலை, கால்நடை டாக்டரிடம் காட்டுவது.

டாக்டர் முதலில் தேடுவது தெள்ளுப்பூச்சியை. இதை நீங்களும் வீட்டில் பார்க்கலாம். ஈரமாக்கிய வெள்ளைக் காகிதத்தின் மேல் பூனையை நிறுத்தி, நெருக்கமான பல் உள்ள சீப்பால் வாலடியிலும் முதுகிலும் வாருங்கள். விழுகிற கறுப்புத் துகள்களைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கறை பரவினால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம். பூனையின் ரத்தம் செரித்து வந்தது. ஒன்றும் விழவில்லை என்றாலும் பூச்சியே இல்லை என்று சொல்ல முடியாது. நக்குகிற பூனை பூச்சியையும் சேர்த்து விழுங்கிவிடும். ஒவ்வாமை உள்ள பூனைக்கு ஓரிரு கடியே போதும்.

பூச்சியின் முட்டைகள் பூனையின் மேல் தங்குவதில்லை. பாயிலும் மெத்தையிலும் தரை இடுக்கிலும் உதிர்ந்துவிடும். கூட்டுப்புழுவாக மாதக்கணக்கில் காத்திருக்கவும் செய்யும். ஆகவே பூனைக்கு மருந்து போட்டால் மட்டும் போதாது. அது படுக்கும் துணிகளை வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் காய வையுங்கள். கட்டிலுக்கு அடியிலும் தினமும் பெருக்குங்கள்.

உணவு ஒவ்வாமையும் உண்டு. வருஷக்கணக்கில் தின்ற மீனோ கோழியோகூடத் திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போகலாம். டாக்டர் சொன்னால், புது உணவு ஒன்றை மட்டும் சுமார் 8 வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அந்த நாட்களில் பாட்டி ரகசியமாகக் கொடுக்கும் ஒரு துண்டு கருவாடுகூட எல்லாவற்றையும் கெடுத்துவிடும்!

படர்தாமரையாக இருந்தால் அது பூனையிடமிருந்து குழந்தைக்கும் ஒட்டும். ஆகவே வட்ட வட்டமாக முடி கொட்டியிருந்தால் தாமதம் வேண்டாம். அதற்காகப் பூனையைத் துரத்தவும் வேண்டாம். டாக்டர் தரும் மருந்தில் குணமாகிவிடும்.

அடிவயிற்றை மட்டும் விடாமல் நக்கினால் மூத்திரப்பையில் வலி இருக்கலாம். ஆண் பூனை மூத்திரம் போக முக்கி முக்கி, சொட்டுக்கூட வரவில்லையானால் அது உயிருக்கு ஆபத்து. "காலையில பார்த்துக்கலாம்" என்று இருக்காதீர்கள். அப்போதே கொண்டு போங்கள்.

பக்கத்தில் உள்ள அரசு கால்நடை மருத்துவமனையில் காட்டலாம். சென்னையில் இருப்பவர்களுக்கு, 1903-ல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது.

கலக்கம் எங்கிருந்து வருகிறது?

உடம்பில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு மனசுக்கு வருவோம். பூனைக்கு மாறுதல் பிடிக்காது. நமக்கு அற்பமாகத் தெரிவது அதற்குப் பெரிய விஷயம். வீடு மாறுவது, வெள்ளையடிப்பது, கல்யாணத்துக்கு வந்து தங்கிய உறவினர் கூட்டம், கொஞ்சிக்கொண்டிருந்த பெண் ஹாஸ்டலுக்குப் போனது, தீபாவளி வெடி, ஜன்னலுக்கு வெளியே வந்து உறுமும் தெருக் கடுவன், புதிதாக வந்த இன்னொரு பூனை... எதுவாகவும் இருக்கலாம்.

மாதக் காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நாள், எந்த வேளை, எந்த இடத்தில் நக்கியது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று ஒரு வரி குறித்து வாருங்கள். இரண்டு வாரத்தில் காரணம் பிடிபட வாய்ப்புண்டு. டாக்டரிடமும் இதைக் காட்டலாம்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

*நேரம் தவறாமை:* சாப்பாடு, விளையாட்டு, தூக்கம் எல்லாம் தினமும் ஒரே வேளையில் நடக்கட்டும். அடுத்து என்ன வரும் என்று தெரிந்துவிட்டாலே பாதிப் பயம் போய்விடும்.

*ஒளிய இடம், ஏற இடம்:* ஒரு பழைய அட்டைப்பெட்டியில் வாசல் வெட்டி, உங்கள் பழைய புடவையை மடித்துப் போடுங்கள். பீரோவின் மேலோ பரணிலோ ஒரு இடம் ஒதுக்குங்கள். உயரத்திலிருந்து பார்க்கும் பூனைக்குத் தைரியம் அதிகம். அது உள்ளே ஒளிந்திருக்கும்போது குழந்தைகள் வாலைப் பிடித்து இழுக்கக் கூடாது என்பது கண்டிப்பான சட்டம்!

*தனித்தனிப் பங்கு:* இரண்டு பூனைகள் இருந்தால் சாப்பாட்டுத் தட்டும் தண்ணீர்க் கிண்ணமும் தனித்தனியாக, வேறு வேறு மூலையில் இருக்கட்டும். மணல் தட்டு, பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று அதிகம் வேண்டும். வாஷிங் மெஷின் பக்கத்தில் வைக்காதீர்கள்.

*விளையாட்டு:* காலையில் 10 நிமிடம், மாலையில் 10 நிமிடம். ஜாக்கெட் தைத்த மிச்சத் துணியை நூலில் கட்டி இழுத்தால் போதும். ஓடிப் பிடித்து முடித்ததும் கொஞ்சம் சாப்பாடு கொடுங்கள். ஆடி முடித்தவுடன் நூலை எடுத்து வைத்துவிட வேண்டும். விழுங்கினால் குடலில் சிக்கிக்கொள்ளும்.

*வெளியார் தொல்லை:* தெருக் கடுவன் எட்டிப் பார்க்கும் ஜன்னலின் கீழ்ப்பகுதியில் காகிதம் ஒட்டிவிடுங்கள். தீபாவளிக்கு உள்ளறை ஒன்றில் பெட்டி, தண்ணீர், மணல் தட்டு எல்லாம் வைத்து, ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் ரேடியோவையும் போட்டுவிடுங்கள்.

நக்க ஆரம்பித்தால் அதட்டாதீர்கள். பயம் கூடினால் நக்குவதும் கூடும். ஓடிப்போய்த் தூக்கிக் கொஞ்சவும் வேண்டாம். நக்கினால் அம்மா வருவாள் என்று கற்றுக்கொண்டுவிடும்! சத்தமில்லாமல் ஒரு பந்தை உருட்டி விடுங்கள். கவனம் திரும்பினால் சரி.

தொட்டில் வந்த வீட்டில்

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போய், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையோடு திரும்புகிறீர்கள். பூனையின் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்களேன். சோறு போட்ட கை திடீரென்று காணாமல் போயிற்று. மாதங்கள் கழித்து, அழுகிற ஒரு புது ஜீவனோடு வந்தது. நேற்றுவரை படுத்த மெத்தையில் இன்று "சூ, போ!" என்று துரத்துகிறார்கள். கலங்காமல் என்ன செய்யும்?

நீங்கள் திரும்புவதற்குச் சில வாரம் முன்பே கணவரோ மாமியாரோ ஏற்பாட்டைத் தொடங்கட்டும். தொட்டிலைக் கட்டி வைக்கலாம். அந்த அறைக்குள் பூனை வரக் கூடாது என்றால் அந்தப் பழக்கத்தை அப்போதே ஆரம்பித்துவிட வேண்டும். அப்போதுதான் தடையும் குழந்தையும் ஒரே நாளில் வராது. குழந்தையைத் துடைத்த துணி ஒன்றை முன்னதாகக் கொடுத்தனுப்பி, பூனை படுக்குமிடத்துக்குப் பக்கத்தில் போட்டு வைத்தால் வாசனை பழகிவிடும். வந்த பிறகு, குழந்தை தூங்கும்போது யாராவது ஒருவர் பூனையோடு அந்த 10 நிமிடம் விளையாடட்டும். தூங்கும் குழந்தையின் அருகே பூனையைத் தனியாக விடக் கூடாது. அது எவ்வளவு சாதுவானாலும் சரி.

செய்யவே கூடாதவை

பூனையின் தோலில் எதைத் தடவினாலும் அது வயிற்றுக்குள் போய்விடும். வேப்பெண்ணெய், மண்ணெண்ணெய், கற்பூரம், நமக்கு உபயோகிக்கும் களிம்பு எதையும் பூசாதீர்கள். பினாயில் போட்டுத் துடைத்த தரையில் நடந்து பாதத்தை நக்கினாலும் விஷம்தான். பூனையின் ஈரலுக்கு அந்த மாதிரிப் பொருள்களை முறிக்கும் சக்தி குறைவு. துணிக்கு நடுவே வைக்கும் பாச்சை உருண்டையும் அப்படியே.

"வலிக்குமோ என்னவோ" என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கு வாங்கிய தெள்ளுப்பூச்சி மருந்தையும் போடக் கூடாது. அவற்றில் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு.

கழுத்தில் மாட்டும் கூம்பு, புண் ஆறும்வரை உதவும். ஆனால் அது மட்டுமே வைத்தியமாகாது. காரணம் போகாவிட்டால், கூம்பைக் கழற்றிய அன்றே மறுபடி ஆரம்பித்துவிடும்.

எப்போது குணம் தெரியும்?

பொறுமை வேண்டும். காரணத்தை நீக்கிய பிறகும் முடி முழுசாக மூட 2, 3 மாதம் ஆகலாம். சொன்னதெல்லாம் செய்தும் குறையவில்லையா? மனக்கலக்கத்தைத் தணிக்கும் மாத்திரைகளைக் கால்நடை டாக்டர் எழுதித் தருவார். அவை பலன் காட்டவே சில வாரங்கள் ஆகும். நடுவில் நாமாக நிறுத்திவிடக் கூடாது. பிற்பாடு வீட்டில் ஏதாவது மாறுதல் வந்தால் பழைய வழக்கம் எட்டிப் பார்க்கலாம். பயப்படாமல், காலண்டரை மறுபடி கையில் எடுங்கள்.

ஆமாம், மார்க்கெட்டில் விடச் சொன்னார்களே, அந்தச் சாக்கு? அதற்கும் உபயோகம் இருக்கிறது. ஒரு பலகையில் இறுகச் சுற்றி, கயிற்றால் கட்டி, சுவரோரமாகச் சாய்த்து வையுங்கள். நகம் கீறிக்கொள்ளப் பூனைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?